அமைதியானவர், தொந்தரவு இல்லை

அன்புள்ள ஐயா,

நான் உயர்நிலைப்பள்ளி ஆசிரியை, ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். பருவம் முடியப்போகிறது. 42 பேருக்கு முன்னேற்ற அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆண்டு ‘மாணவர் நலன்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். நன்று, பரவாயில்லை, கவனம் தேவை ஆகிய மூன்றில் ஒன்றைக் குறித்துவிட்டு இரண்டு வரி எழுத வேண்டும். வேலை சுலபமாகட்டும் என்று ஆயத்த வாக்கியங்களின் பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள்.

39 பேருக்கு ‘நன்று’ போட்டுவிட்டேன். ஓயாமல் சண்டை போடும் இரண்டு பையன்களுக்குக் ‘கவனம் தேவை’. ஒரு பெண்ணிடம் வந்து நின்றுவிட்டேன். சென்ற பருவத்தில் வகுப்பின் நடுவில் இருந்தவள், இந்தப் பருவம் மூன்றாம் இடம். ஆனால் தோழிகளோடு பேச்சு நின்றுவிட்டது. இடைவேளையில்கூட இடத்தைவிட்டு எழுவதில்லை. கேட்டால் “ஒண்ணுமில்ல மிஸ்” என்கிறாள். மதிப்பெண் கூடியிருக்கும்போது ஏன் குறை சொல்ல வேண்டும், ‘சிறந்த முன்னேற்றம்’ என்று முடித்துவிடுங்கள் என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர்.

எந்த அளவுக்கு உண்மையை எழுதலாம்? தரவரிசையை ஒழித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா? கைபேசிதான் காரணமா? அந்த இரண்டு வரியை எப்படி எழுதுவது என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி ‘ஒரு பெண்ணிடம் வந்து நின்றுவிட்டேன்’ என்பது. அத்தனை அறிக்கைகளுக்கு நடுவே கை நின்றதே, அதற்காகத்தான் இந்தப் பதில். பிடிக்காத வரி அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. 39 பேருக்கு ‘நன்று’ போட்டுவிட்டீர்கள். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உலகக் கணக்கு ஒவ்வொரு வகுப்பறைக்கும் அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் 42 பேரில் உங்கள் பேனாவில் சிக்கியது சத்தம் போடும் இரண்டு பையன்கள் மட்டும் என்றால், நீங்கள் பிள்ளைகளின் நலனைக் குறிக்கவில்லை, உங்கள் தலைவலியைக் குறித்திருக்கிறீர்கள்.

கைபேசியைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். தரவரிசையை ஒழிப்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தியதில் நூற்றுக்கு 64இலிருந்து 98வரை மதிப்பெண் வந்தது. எழுதிய கை ஒன்று, திருத்திய கைகள்தான் வேறு. ஆகவே அந்தப் பெண்ணின் ‘மூன்றாம் இட’த்தைப் பார்த்து மூத்த ஆசிரியர் அவ்வளவு புல்லரிக்க வேண்டியதில்லை.

அவர் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் இருக்கிறது.

நான் உயர்நிலைப்பள்ளியில் படிக்கும்போது என் அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. சாப்பிட வா என்ற அழைப்புகூட இல்லை, தட்டை வைக்கும் சத்தம்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையன் ஒளிந்துகொள்ள வசதியான இடம் பாடப்புத்தகம். அது திறந்திருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சும்மா திறந்துவைத்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் மண்டையிலும் ஏறிவிட்டது. அந்தப் பருவம் கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

அறிக்கையில் வகுப்பாசிரியர் எழுதியிருந்தார்: ‘அமைதியானவர். தொந்தரவு இல்லை. தொடர்க.’

கையெழுத்துப் போடும்போது அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்தார். ஒரு பிள்ளையாவது ஒழுங்காக இருக்கிறது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த நிம்மதி அது. அதைக் கெடுக்க மனம் வருமா? அந்த வரி வருவதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். வந்த பிறகு வாய் திறப்பது இன்னும் கடினமாகிவிட்டது. தொடர்க என்று எழுதியிருந்ததே, தொடர்ந்தேன். அந்த ஆசிரியர் மீது எனக்கு வருத்தம் கிடையாது. நல்ல மனிதர், அவருக்கும் உங்களைப் போல ஒரு கட்டு அறிக்கைகள் இருந்திருக்கும். ஆனால் அன்று என் மதிப்பெண் ஏறியதற்கும் என் வீட்டில் பேச்சு நின்றதற்கும் காரணம் ஒன்றுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மதிப்பெண் இறங்கினால் எல்லாரும் ஓடிவருகிறோம். பெற்றோரைக் கூப்பிடுகிறோம், தனிவகுப்பு வைக்கிறோம். ஏறினால் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சட்டென்று ஏறும் மதிப்பெண்ணுக்குப் பின்னால் உழைப்பு இருக்கலாம், நல்ல ஆசிரியை இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். ஒரு பயமும் இருக்கலாம். எது என்று அந்த எண் சொல்லாது. அடித்துக்கொள்ளும் பிள்ளையின் துன்பம் நம் காதில் விழுகிறது, ஒடுங்கும் பிள்ளையின் துன்பம் நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. அதனால் அதற்கு நன்னடத்தை என்று பெயர் வைத்து அறிக்கையில் ஏற்றிவிடுகிறோம். அந்தச் சண்டைக்காரப் பையன்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை, அவர்களுக்கு ‘கவனம் தேவை’ என்று எழுதவாவது ஒரு ஆள் இருக்கிறார். 39 பேரில் எத்தனை பேர் ‘தொந்தரவு இல்லை’ என்பதால் மட்டும் ‘நன்று’ ஆனவர்கள்? எண்ணிப் பாருங்கள். இயல்பிலேயே பேசாத பிள்ளைகள் உண்டு, அவர்களைத் தோண்டித் துருவித் தொல்லை செய்யாதீர்கள். பார்க்க வேண்டியது மாற்றத்தை. போன பருவம் சிரித்துக்கொண்டிருந்தவள் இந்தப் பருவம் இடத்தைவிட்டு எழவில்லை என்றால் அது குணம் ஆகாது.

சரி, எந்த அளவுக்கு உண்மையை எழுதலாம் என்று கேட்டீர்கள். எழுதவே எழுதாதீர்கள். முதலில் பேசுங்கள். பருவ இறுதி அறிக்கையில் ஒரு பிள்ளையின் துயரத்தை முதன்முதலாகப் பெற்றோருக்குத் தெரிவிப்பது, காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கு மாதக் கடைசியில் மருந்துச்சீட்டு எழுதுவது மாதிரி. பேச்சு எப்போது நின்றது என்று உங்களுக்குத் தெரியும். அன்றே செய்ய வேண்டிய வேலையைக் கட்டம் வரும்வரை தள்ளிவைத்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

“என்னம்மா, எல்லாம் சரியா?” என்று வகுப்பில் நாலு பேர் முன்னால் கேட்டால் “ஒண்ணுமில்ல மிஸ்” என்றுதான் வரும். தனியாக, ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘கொஞ்ச நாளா நீ இடைவேளையில வெளிய போறதில்ல, கவனிச்சேன்.’ பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள், ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவள் சொல்லப்போவது நீங்கள் சொல்லியே தீர வேண்டிய ஒன்றாக இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, உலகச் சுகாதார நிறுவனமும் இதை ஒரு தவறான நம்பிக்கை என்றே சொல்கிறது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள், வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும். வீடுதான் காரணம் என்று அவள் சொன்னால், யாரிடம் எப்படிச் சொல்வது என்பதை ஆலோசகரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். எதுவானாலும் காகிதத்தில் ஏற்றி அவள் கையிலேயே கொடுத்தனுப்பாதீர்கள்.

அந்தக் காகிதத்தை அவள் எப்படிப் படிப்பாள் என்பதும் இருக்கிறது. 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை நன்றாகச் செய்தார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். பக்கத்தில் எண் இருந்தால் கண் எழுத்துக்குப் போவதில்லை. நீங்கள் இரவெல்லாம் விழித்து எழுதும் இரண்டு வரியின் கதி இதுதான். அவளுக்குச் சொல்ல நினைப்பதைத் தனிக் காகிதத்தில் அவள் பெயரை விளித்து எழுதுங்கள், எண்ணே வேண்டாம்.

அந்த ஆயத்த வாக்கியப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ‘திறமை உண்டு, முயற்சி போதாது’ என்று அதில் ஒன்று இருக்கும், எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. முயற்சியை எந்த அளவுகோலால் அளந்தார்கள்? ‘முதல் பாடவேளையில் கவனமின்மை’ என்றும் இருக்கும். 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகர்ந்து தூக்கம் தாமதமாகத்தான் வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல், இந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளியைக் காலை 8.30க்கு முன் தொடங்காதீர்கள் என்றே சொன்னது. தூக்கத்தில் தலை தொங்குகிற பையனுக்கு நீங்கள் ஒழுக்கக் குறிப்பு எழுதுகிறீர்கள்.

39 பேருக்கும் மறுபடி எழுத நேரம் இல்லை என்பீர்கள். சரி, கட்டிலிருந்து பத்து அறிக்கைகளை மட்டும் எடுங்கள், முகம் உடனே நினைவுக்கு வராத பத்துப் பேருடையது. அவர்களுடைய ‘நன்று’வை அழித்துவிட்டு, இந்தப் பருவத்தில் அந்தப் பிள்ளை செய்ததாக நீங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். பார்த்தது எதுவும் இல்லையென்றால் நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

அந்தப் பெண்ணின் அறிக்கையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், பேசி முடித்த பிறகு எழுதலாம். எழுதியதை வீட்டுக்கு அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டுங்கள். எந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறாள் என்று பாருங்கள். அதைப் பற்றித்தான் அவளோடு இன்னொரு நாள் உட்கார வேண்டியிருக்கும்.