பேச்சில் ஒரு ஜாஸ்

கேள்வி: விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்த ஒருவர், பாடாமல் பேசியே ஜாஸ் இசைத்தட்டு வெளியிட்டாராமே, யார் அவர்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அவர் கென் நோர்டைன், 1920இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்து, சிகாகோ வானொலியில் பெயர் பெற்ற ஆழ்ந்த குரலுக்குச் சொந்தக்காரர். 1957இல் வெளிவந்த 'வேர்ட் ஜாஸ்' இசைத்தட்டில், ஜாஸ் கலைஞர்கள் பின்னணியில் வாசிக்க, விசித்திரமான சிறுகதைகளைப் பேசினார். பெயின்ட் நிறுவனமொன்றின் வானொலி விளம்பரங்களுக்காக, ஒவ்வொரு நிறத்துக்கும் மனிதக் குணம் கொடுத்து அவர் பேசியவை வளர்ந்து, 1966இல் தனி இசைத்தட்டாகவே வெளிவந்தன; பிழைப்பும் கலையும் ஒன்றாகிய அந்த இடமே எனக்கு மிகவும் பிடித்தது. கூத்துக் களரியில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை அடக்கி வசனத்துக்கு இடம்விடும் கணத்தைக் கேட்டுப் பழகிய மட்டக்களப்பாருக்கு, நோர்டைனின் பேச்சில் வரும் இடைநிறுத்தங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா. 2019இல், 98ஆவது வயதில், அவர் காலமானார்.