நகைக்கடையில் நம் உடையைப் பார்த்துத்தான் மதிக்கிறார்களா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான். வேலை முடிந்து, பழைய சுடிதாரோடு, அப்படியே ஒரு நகைக்கடைக்குள் நுழைந்திருக்கிறார். உட்காரக்கூட யாரும் சொல்லவில்லை. கேட்ட நெக்லஸை எடுத்துக் காட்டாமல் விலையை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த தடவை நன்றாக உடுத்திக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்கிறார்.

ஆமாம், உடையைப் பார்த்துத்தான் மதிக்கிறோம். 'மதிக்கிறார்கள்' என்று எழுத எனக்கு உரிமை இல்லை. கும்பகோணத்தில் ஒரு நகைக்கடையில் ஐந்து வருடம் கவுன்டரில் நின்றவன் நான்.

படியேறி வருபவரின் காலை முதலில் பார்ப்போம், அப்புறம் கையில் இருக்கும் பையை, அப்புறம் கழுத்தை. கண்ணாடி மேஜை மேல் கார் சாவியை வைத்தால் அந்தக் கணமே எங்கள் முதுகு நிமிர்ந்துவிடும். குடிக்கக் கலர் எடுத்து வரும் பையன் எங்கள் முகத்தைப் பார்ப்பான். நாங்கள் லேசாகத் தலையசைத்தால் கலர் வரும், இல்லையென்றால் அவன் அப்படியே அடுத்த கவுன்டருக்குப் போய்விடுவான். வந்தவருக்கு இது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். பக்கத்து நாற்காலிக்குப் பாதாம் பால் வந்து தனக்கு வராதது யாருக்குத் தெரியாமல் போகும்?

இன்னொன்று தட்டு. வெல்வெட் தட்டில் நகையை எடுத்து வைத்ததும் வசதியானவர் என்று தோன்றினால் தட்டை அவர் பக்கம் திருப்பி நகர்த்திவிடுவோம். இல்லையென்றால் தட்டு எங்கள் பக்கமே இருக்கும், விளிம்பில் ஒரு கையும் இருக்கும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. சீனியர்களைப் பார்த்து இரண்டே வாரத்தில் கை தானாகப் பழகிவிட்டது. நான் இருந்தவரை எங்கள் தளத்தில் இரண்டு திருட்டு பிடிபட்டது. இரண்டிலும் வந்தவர்கள் பட்டுப்புடவைதான் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகும் எங்கள் கை மாறவில்லை.

2019 தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி வந்தார்கள். அவர் வேட்டியின் ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது, தோளில் துண்டு. அந்த அம்மா நைலக்ஸ் புடவை, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "வெள்ளி கீழ்த்தளத்துல இருக்குங்கய்யா."

கொலுசு வாங்க வந்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தங்கந்தான் தம்பி பாக்கணும்" என்றார். பெண்ணுக்கு மாசியில் கல்யாணம். அப்போது பவுன் 25,000 ரூபாயை ஒட்டி இருந்தது. சங்கிலி, வளையல் என்று 10 பவுன் எடுத்தார்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, பான் எண்ணும் வேண்டும். இவரிடம் பான் கார்டு எங்கே இருக்கப் போகிறது என்று மனதுக்குள் அதையும் நினைத்தேன். பிளாஸ்டிக் கவரிலிருந்து பான் கார்டு, ஆதார், பாஸ்புக் மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் கணக்கில் ஏறியிருந்தது. பக்கத்துத் தெரு வங்கிக்குப் போய் ஆர்டிஜிஎஸ்ஸில் கடைக் கணக்குக்குப் பணத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டெல்டாவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் நாற்று நடும்போது தாலிச்சங்கிலி சொசைட்டிக்கோ வங்கிக்கோ அடகுக்குப் போகும், அறுவடை முடிந்தால் திரும்பி வரும். என் அம்மா கழுத்தில் எத்தனை வருடம் கயிறு மட்டும் கிடந்திருக்கிறது! வெறும் கழுத்து என்றால் வீட்டில் பொன் இல்லை என்று அர்த்தமில்லை. நகை விற்கும் எனக்கே அன்று அது மறந்துபோனது.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் பிடிக்கும். 2022 ஜனவரியில் கர்நாடகத்தின் துமகூருவில் ஒரு விவசாயி பிக்கப் வண்டி வாங்கப் போய் அவமானப்பட்டு, ஒரு மணி நேரத்தில் 10 லட்சம் ரூபாயோடு திரும்பி வந்த செய்தியை எல்லோரும் கொண்டாடிப் பகிர்ந்தோமே, அதே மாதிரி. எனக்கு மட்டும் இந்தக் கதைகளில் ஒரு உறுத்தல் உண்டு. அவர் 10 லட்சம் கொண்டு வராமல் போயிருந்தால்? விற்பனையாளர் பேசியது சரியாகிவிடுமா? 'ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டார்கள்' என்கிறோம். எடை போட்டதையே தப்பு என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் எனக்கு அந்த 10 பவுன் தம்பதியைவிட அதிகம் நினைவுக்கு வருவது, மாதம் 500 ரூபாய் நகைச்சீட்டு கட்டிய ஒரு பூக்கார அம்மாதான். நிறுவனங்கள் முன்பணமாக வாங்குவதை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும் என்று 2014-இல் விதி வந்தது, அதனால்தான் சீட்டுகள் பெரும்பாலும் 11 மாதத்தில் முடிகின்றன. அந்த அம்மா 11 மாதமும் தவறாமல் வந்தார். சீட்டு கட்டுமிடம் மாடிப்படிக்குப் பக்கத்தில், அங்கே நாற்காலி கிடையாது. சீட்டு முடிந்த அன்றுதான் முதல் தடவையாக மேலே வந்தார். தலையில் எண்ணெய் தடவி, மடிப்பு கலையாத புடவை கட்டி, நல்லபடியாகத்தான் வந்தார். 2 கிராமை ஒட்டி ஒரு தோடு. எடுத்து முடித்ததும் கண்ணாடிக்குள் பொம்மைக் கழுத்தில் இருந்த காசுமாலையைக் காட்டி, "அத ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டார்.

"அது வாங்குறவங்களுக்குத்தாம்மா."

"சரிப்பா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தோட்டுப் பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்.

அப்படி ஒரு விதியே எங்கள் கடையில் கிடையாது. அன்று காலையில் மட்டும் அதே காசுமாலையை மூன்று பேர் கழுத்தில் போட்டுக் காட்டியிருந்தேன். மூன்று பேருமே வாங்கவில்லை.

சம்பளத்துக்கு நிற்பவர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு மாத டார்கெட் கிராமில்தான். பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்போம். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைகள் சட்டத்தைத் தமிழக அரசு திருத்தியதே 2021-இல்தான். வாங்காமல் போகும் ஒவ்வொருவருக்கும், "ஏன் விட்டே?" என்று மேனேஜர் கேட்பார். அதனால் யார் வாங்குவார் என்று ஊகிக்க ஆரம்பிக்கிறோம், ஊகிக்க நமக்குக் கிடைப்பது துணியும் செருப்பும்தான். இத்தனைக்கும் கவுன்டரில் நிற்கும் பிள்ளைகள் பாதிப் பேர் அதே மஞ்சள் கயிற்று வீடுகளிலிருந்து வந்தவர்கள். எனக்கு வலிப்பது இதுதான். வேட்டி கட்டியவரை கிளப்புகளில் தடுக்கக் கூடாது என்று 2014-இல் இங்கே சட்டமே வந்தது. கடையில் யாரும் வாசலில் தடுப்பதில்லை. உள்ளே வரவிட்டு, நாற்காலி காட்டாமல் நிற்க வைக்கிறோம். அதை எந்தச் சட்டத்தில் கொண்டுபோய் எழுதுவது?

இப்போது என் மச்சானின் சிறிய கடையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கடைப் பிள்ளைகளிடம் நான் கறாராகச் சொல்வது இரண்டுதான். வந்தவர் என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன் "உட்காருங்க" சொல்ல வேண்டும். கலர் கொடுத்தால் எல்லோருக்கும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதற்காகப் புடவை மாற்றிக்கொண்டு போகாதீர்கள். வேலை முடிந்து வந்த சுடிதாரோடே போங்கள். நாற்காலியை நீங்களே இழுத்துப் போட்டு உட்காருங்கள். இன்றைய கிராம் விலை என்ன, இந்த உருப்படிக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகையில் கட்டாயமான ஆறு எழுத்து எச்.யூ.ஐ.டி. எண்ணை, அதாவது அந்த ஒரு நகைக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணை, லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த கேள்வி வந்தால் கவுன்டரில் நிற்பவரின் கை தட்டை விட்டு விலகுவதை நீங்களே பார்க்கலாம். அப்படியும் அலட்சியம் என்றால் வேறு ஆளைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அப்புறம், அந்த நெக்லஸைக் கழுத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அன்று வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். அதற்கு எந்தக் கடையிலும் காசு வாங்குவதில்லை.