மின் நிலையங்களின் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசுக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்ததா?

இல்லை. பலரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். கரியமில வாயு, தூய காற்றுச் சட்டத்தின் கீழ் மாசுதான் என்று 2007-இலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் அதில் கை வைக்கவில்லை. பாய்லரின் திறனைக் கூட்டு என்று ஒரு நிலையத்திடம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கேட்கலாம். ஆனால் நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கும் காற்றாலைக்கும் நாட்டின் மின் உற்பத்தியையே திருப்பிவிட, நாடாளுமன்றம் தெளிவாக அதிகாரம் தந்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பு.

இதில் வேடிக்கை, வழக்குக்குக் காரணமான, மின் நிலையங்களின் கரியமில வாயுவைக் குறைக்க ஒபாமா அரசு கொண்டுவந்த 2015 திட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2016 பிப்ரவரியில் இதே நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வாயுவை 2005 அளவிலிருந்து 32 சதவீதம் 2030-க்குள் குறைக்க வேண்டும் என்ற அதன் இலக்கையோ, மின்துறை 2019-இலேயே எட்டிவிட்டது. மலிவான எரிவாயுவோடு நிலக்கரியால் போட்டிபோட முடியாமல் போனது அதற்கு முக்கியக் காரணம்.