நகல்தானே எடுத்தேன், யாருக்கு என்ன நஷ்டம்?

கேள்வி: படமோ பாட்டோ புத்தகமோ, இணையத்தில் கிடைப்பதை டவுன்லோடு செய்துகொள்கிறேன். அசல் அவர்களிடமே இருக்கிறது, யாருடைய பொருளும் காணாமல் போகவில்லை. காசு கேட்டால் நான் எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன். பெரிய நிறுவனங்கள் தங்களுக்காக எழுதி வாங்கிக்கொண்ட பதிப்புரிமைச் சட்டத்தை நான் ஏன் மதிக்க வேண்டும்? உங்கள் இதழையே யாராவது பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விட்டால் வழக்குப் போடுவீர்களா?

பதில்: முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நகலெடுப்பதும் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒன்றல்ல என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985-இல் ஏற்றுக்கொண்டது. எல்விஸ் பிரெஸ்லி பாடல்களை அனுமதி வாங்காமல் இசைத்தட்டாகப் போட்டு விற்றவர் மீதான வழக்கு அது. திருட்டுப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துகிறவர்களுக்கான சட்டத்தை அவர் மீது பாய்ச்ச முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் பதிப்புரிமையை மீறியதற்காக அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. பொருள் காணாமல் போகவில்லை என்பதாலேயே யாருக்கும் நஷ்டமில்லை என்று ஆகிவிடாது.

அடுத்து, ‘எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன்’ என்கிறீர்கள். கையில் காசே இல்லாத மாணவர் சொன்னால் நம்புவேன். அந்தப் புத்தகம் விற்பனைக்கே வராத நாட்டில் இருப்பவர் சொன்னாலும் நம்புவேன். ஆனால் பெரும்பாலும் இதைச் சொல்கிறவர்கள் யார்? படம் வெளியான ராத்திரியே லிங்க் தேடி உட்கார்ந்து, துள்ளித் துள்ளி வரும் விளம்பரங்களை ஒவ்வொன்றாக மூடி, போலி பொத்தானை அழுத்தி ஏமாந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கடைசியில் ஒலியும் வாயசைவும் ஒட்டாத ஒரு பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறவர்கள். வேண்டாத ஒன்றுக்காக யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. அது உங்களுக்கு வேண்டும், அதனால்தான் தேடுகிறீர்கள். அப்புறம், நீங்கள் இலவசம் என்று நினைக்கிற அந்தத் தளம் சும்மா நடக்கவில்லை. நீங்கள் மூடிய ஒவ்வொரு விளம்பரத்துக்கும் யாரோ காசு வாங்குகிறார்கள். ஆக, அந்தப் படத்தை வைத்து ஒருவர் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறார், அதை எடுத்தவர் மட்டும்தான் அதில் இல்லை.

பெரிய நிறுவனங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படம் விழுந்தால் இன்னொன்றில் எடுத்துவிடுவார்கள், அவர்களுக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. பாதிக்கப்படுகிறவர் நீங்கள் கணக்கில் எடுக்காத ஆள். நாவல் எழுதுகிறவருக்குப் பொதுவாக மாதச் சம்பளம் கிடையாது. விற்ற பிரதிக்கு இத்தனை விழுக்காடு என்பதுதான் ஒப்பந்தம். மொழிபெயர்ப்பாளர் பலருக்கு அதுவும் இல்லை, ஒருமுறை கொடுக்கும் தொகையோடு சரி. முதல் பதிப்பு தேங்கினால் அடுத்த புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடைக்க மாட்டார்.

எங்கள் இதழில் எழுதும் நாவலாசிரியர் ஒருவரை, வாசகர் குழு ஒன்றில் யாரோ விவரம் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள். அவருடைய புது நாவல் அங்கே இருந்தது. முதுகை வெட்டித் தாள்தாளாகப் பிரித்து ஸ்கேன் செய்யக்கூட நேரமில்லாமல் கைபேசியில் படமெடுத்திருந்தார்கள். சமர்ப்பணப் பக்கத்தின் ஓரத்தில், அவர் தன் அம்மாவின் பெயரை அச்சிட்டிருந்த வரிக்குப் பக்கத்தில், பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. கீழே வரிசையாக ‘நன்றி நண்பா’, ‘அருமையான பகிர்வு’, ‘இவருடைய மற்ற நாவல்களும் கிடைக்குமா?’ எல்லா நன்றியும் படமெடுத்துப் போட்டவருக்கு. நாவலாசிரியர் சண்டை போடவில்லை, குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, அவருடைய எழுத்தை உண்மையாகவே விரும்புகிறவர்கள் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இலவசமாகக் கிடைத்தால் மக்களுக்கு நல்லதுதானே என்பது புது வாதமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு உரிமை தரவில்லை. அங்கிருந்த பதிப்பாளர்கள் ஆங்கிலேய நாவல்களை ஆசிரியருக்கு ஒன்றும் தராமலே அச்சடித்து மலிவாக விற்க முடிந்தது. 1842-இல் அங்கே போன ஆங்கிலேய நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் மேடையில் இதைப் பேசியபோது, விருந்துக்கு வந்த இடத்தில் காசு கேட்கிறார் என்று பத்திரிகைகள் அவரைத்தான் திட்டின. சரி, டிக்கன்ஸ் பெரிய ஆள், தாங்கிக்கொண்டார். அடி வாங்கியது அமெரிக்காவின் சொந்த எழுத்தாளர்கள். வெளியூர்க்காரரின் புகழ்பெற்ற நாவல் சும்மா கிடைக்கும்போது, உள்ளூரில் புதிதாக எழுதுகிறவருக்குக் காசு கொடுத்து எந்தப் பதிப்பாளர் புத்தகம் போடுவார்? அவர்களும் சேர்ந்து குரல் கொடுத்துத்தான் 1891-இல் சட்டம் மாறியது.

ஆனால் சட்டத்தின் மீது உங்களுக்கு இருக்கும் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன், எனக்கும் அது உண்டு. 1710-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம் புதுப் புத்தகத்துக்குக் கொடுத்தது 14 ஆண்டு. அதன் முடிவில் ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. இன்று, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி குறைந்தபட்சமே ஆசிரியர் இறந்து 50 ஆண்டு, பல நாடுகளில் 70. செத்தவர் இன்னொரு புத்தகம் எழுதப் போவதில்லை. பேரனின் பேரன் வரைக்கும் உரிமை நீள்வதால் எழுத்தாளருக்கு என்ன ஊக்கம் வந்துவிடப் போகிறது? இதனால் நடப்பது, யாரும் மறுபதிப்புச் செய்யாத, உரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத புத்தகங்கள் அலமாரிகளில் செல்லரித்துப் போவதுதான்.

நிறுவனங்களின் பேராசைக்கும் சான்று இருக்கிறது. வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் கருவியையே தடுக்கப் பார்த்தார்கள். 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் அதைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு வீடியோ கேசட் விற்பனையிலேயே ஹாலிவுட் கொழித்தது வேறு கதை. 2009-இல் அமேசான், உரிமை இல்லாதவர் விற்ற பிரதிகள் என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களை அவர்களுடைய கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவியிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் ‘வாங்கு’ என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தியவர் எதை வாங்கினார் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரு தொடரைப் பார்க்க ஒரு சந்தா, அடுத்ததற்கு வேறு சந்தா என்று துண்டு துண்டாக்கி வைத்துவிட்டு, மக்கள் நேர்மையில்லாதவர்கள் என்று நிறுவனங்கள் புலம்புவதையும் நான் ஏற்க மாட்டேன். பாட்டு நியாயமான வழியில், சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, முன்பு டொரண்டில் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஏராளமானோர் தாங்களாகவே அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் இந்தக் குறைகளில் எதுவும் போன வாரம் வந்த படத்தையோ, உயிரோடு இருக்கும் ஒருவரின் புது நாவலையோ நீங்கள் டவுன்லோடு செய்ததற்குக் காரணம் இல்லை. 70 ஆண்டு அநியாயம் என்று நினைத்தால் எழுதுங்கள், பேசுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன். எங்குமே விற்பனையில் இல்லாத, உரிமைதாரர் தேடியும் கிடைக்காத புத்தகத்தை ஒருவர் ஸ்கேன் செய்து வைத்தால், சட்டம் என்ன சொன்னாலும் நான் அவரைக் கடிந்துகொள்ள மாட்டேன். வாங்க முடியவில்லை என்றால் நூலகத்தில் கேளுங்கள், அங்கேயும் இல்லையென்றால் எழுதியவருக்கே ஒரு வரி எழுதிப் பாருங்கள். பலர் கொடுத்துவிடுவார்கள், கேட்டதே சந்தோஷம் என்பார்கள்.

கடைசியாக, எங்கள் இதழ். முழு இதழும் வெளியான மறுநாளே பிடிஎஃப் ஆகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, எனக்கே வந்து சேருகிறது. அனுப்பிய வாசகர்கள் மீது வழக்குப் போட மாட்டேன். அதையே தளத்தில் ஏற்றி விளம்பரக் காசு பார்க்கிறவர் மீது போடுவேன். கட்டுரை ஒன்று பிடித்துப்போய் நண்பருக்கு அனுப்பினால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் எழுதியவர் பெயரை வெட்டிவிட்டு அனுப்பாதீர்கள், அதற்கு எந்தச் சமாதானம் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.