கைதூக்கி ஒப்புக்கொடுக்கிறேன், சில நாளில் மங்கிப்போகிறது

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 42. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள்தான் என்றாலும், பெற்றோரின் பக்தி வேறு, என் பக்தி வேறு என்று புரிந்தது கல்லூரி நாட்களில். ஒரு வாலிபர் முகாமில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். வெறும் உணர்ச்சிவேகத்தில் செய்த காரியம் இல்லை அது. முன்கோபம் குறைந்தது, பேச்சு மாறியது. "நீ மாறிட்டே" என்று அம்மாவே சொன்னார்கள். வேதம் வாசிக்காமல் ஒரு நாளைத் தொடங்கவே மனம் வராது. அப்போதிலிருந்து இன்றுவரை ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன்.

இப்போது உள்ளே ஒன்றுமே இல்லை அக்கா. ஆராதனையில் எல்லோரும் பாடுகிறார்கள், நானும் பாடுகிறேன். வார்த்தைகள் வாயிலிருந்து வருகின்றன, அவ்வளவுதான். முழங்கால் படியிட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்ல ஒன்றும் இல்லாமல் எழுந்துவிடுகிறேன். சென்ற வாரம் பழைய வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் பென்சிலால் நான் எழுதிய குறிப்புகள். ஒரு வசனத்தின் பக்கத்தில் "இது எனக்கு" என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது, எழுதியவள் மட்டும் யாரோ மாதிரி இருக்கிறாள்.

சிறப்புக் கூட்டங்களில் "மறுபடியும் ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்கும்போதெல்லாம் உயர்த்தியிருக்கிறேன். இனி தினமும் ஒரு மணி நேரம் ஜெபம், வாரம் ஒரு நாள் உபவாசம், வருடத்துக்குள் வேதம் முழுவதும் என்று தீர்மானம் எடுப்பேன். சில நாள் நடக்கும், அப்புறம் நின்றுபோகும். இப்போதெல்லாம் கையைத் தூக்கவே வெட்கமாக இருக்கிறது.

நடுவில் வீட்டில் பல காரியங்கள். மாமியார் படுக்கையாகிவிட்டார்கள், கணவருக்கு வேலை மாறியது, மூன்று வருடத்துக்கு முன் என் தம்பி புற்றுநோயில் இறந்துபோனான், உபவாசித்து ஜெபித்தோம், கர்த்தருடைய சித்தம் அப்படி. பிள்ளைகளின் படிப்பு வேறு. எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான்.

போன மாதம் என் மகள், அவளுக்குப் பதினான்கு வயது, "அம்மா, நீங்க ஜெபம் பண்ணும்போது நிஜமாவே யாரோ கேட்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

ஆண்டவரை விட்டுவிட எனக்கு மனதில்லை. ஆதி அன்புக்குத் திரும்ப வேண்டும். எப்படி? இந்த நிலைமையில் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் முன் நிற்பது மாய்மாலம் இல்லையா? மகளுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு சகோதரி

பின்குறிப்பு: ஒன்றை எழுத விட்டுப்போனது. தம்பியை அடக்கம் பண்ணின அந்த வாரத்தில், சபையில் ஒருவர் என்னிடம், "முழு விசுவாசத்தோடு ஜெபித்தீர்களா?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கசப்பு இல்லை. ஏனோ சொல்லத் தோன்றியது.

---

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கண் போய் நின்றது பின்குறிப்பில்தான். இவ்வளவு விவரமாக எழுதியவர் தம்பியின் மரணத்துக்குக் கொடுத்தது, வேலை மாற்றத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் நடுவில் ஒரு வரி. அந்த வரியையும் "கர்த்தருடைய சித்தம் அப்படி" என்று உடனே மூடிவிட்டீர்கள். மூடினது மூடினபடி இருக்கவில்லை. கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் அது வெளியே வந்துவிட்டது. அதனால் நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் போகும் முன் தம்பியைப் பற்றிப் பேச விடுங்கள்.

அவனுக்காக எப்படி ஜெபித்திருப்பீர்கள் என்று என்னால் யோசிக்க முடிகிறது. உங்களிடம் இருந்ததையெல்லாம் வைத்துக் கேட்டிருப்பீர்கள். கிடைக்கவில்லை. மண்ணின் ஈரம் காயும் முன்னே, குறை உன் விசுவாசத்தில்தான் என்று அர்த்தம் வரும்படி ஒரு கேள்வியும் வந்தது. அது கேட்கக்கூடாத கேள்வி. கேட்டவர் நல்லெண்ணத்தில் கேட்டிருக்கலாம், ஆனாலும் தவறு தவறுதான். கசப்பு இல்லை என்று எழுதுகிறீர்கள். இருந்தால் பாவம் என்று பயந்து இல்லை என்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று கேட்கிறேன். தம்பி போன பிறகு, அவனைப் பற்றி ஆண்டவரிடம் எப்போதாவது பேசினீர்களா? "ஏன் எடுத்துக்கொண்டீர்?" என்று ஒருமுறையாவது வாய்விட்டுக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு மனிதரோடு நமக்குள்ள மிகப்பெரிய காரியத்தை மட்டும் பேசக்கூடாது என்று ஒதுக்கிவிட்டால், மற்ற பேச்சும் மெல்ல மெல்ல வறண்டுபோகும். கணவன் மனைவிக்குள்ளும் இதைத்தான் பார்க்கிறேன். முழங்கால் படியிட்ட இரண்டே நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது என்றீர்களே, பேச வேண்டிய காரியத்தின் வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்புகிறீர்கள் என்பது என் கணிப்பு. துக்கத்தை மட்டும் தனியாக அமுக்கிவைக்க மனதுக்குத் தெரியாது. அதோடு சந்தோஷமும், துதியும், நெருக்கமும் சேர்ந்தே மரத்துப்போகும்.

தேவன்மேல் கோபம் வருவதை உளவியல் ஆராய்ச்சியாளர்கள் தனியாகவே ஆய்ந்திருக்கிறார்கள். ஜூலி எக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வுகளில், அன்புக்குரியவரை இழந்தவர்களும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் பங்கெடுத்தார்கள். விசுவாசமுள்ளவர்களிடமும் இந்தக் கோபம் உண்டு என்பது அவற்றில் தெரியவந்தது. ஆகவே உங்களுக்குள் அப்படி ஒன்று இருந்தால், உங்களுக்கு மட்டும் வந்த விபரீதமாக அதை எண்ண வேண்டாம்.

வேதம் இதைவிட எத்தனையோ காலத்துக்கு முன்பே இதற்கு இடம் கொடுத்துவிட்டது. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13-ம் சங்கீதம் தொடங்குகிறது. அதுவாவது கடைசியில் பாட்டாக மாறுகிறது. 88-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டதோடு சரி, கடைசி வசனம் வரை ஆறுதலே வராது. அப்படியொரு ஜெபத்தை யாரும் வெட்டி எறியவில்லை, முடிவில் ஒரு ஸ்தோத்திரத்தை ஒட்டிச் சரிசெய்யவும் இல்லை. யோபு புத்தகமும் அப்படித்தான். அதிகாரம் அதிகாரமாக யோபு தேவனோடு வழக்காடுகிறான். அவனுடைய சிநேகிதர்களோ தேவனுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள், குறை உன்னிடம்தான் என்று அவனுக்கு உணர்த்தப் பார்க்கிறார்கள். முடிவில் கர்த்தர் கோபப்பட்டது அந்தச் சிநேகிதர்கள்மேல். 42-ம் அதிகாரம் 7-ம் வசனத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். "முழு விசுவாசத்தோடு ஜெபித்தீர்களா?" என்று உங்களைக் கேட்டவருக்கான பதிலும் அதில் இருக்கிறது.

ஆதலால் உங்கள் முதல் ஜெபம் தம்பியைப் பற்றியதாக இருக்கட்டும். வாயில் வரவில்லையென்றால் எழுதுங்கள். அவன் பெயரை எழுதுங்கள். அவன் எப்படிச் சிரிப்பான், கடைசி நாட்களில் என்ன சொன்னான், நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன நடந்தது, எல்லாவற்றையும் கர்த்தருக்கு எழுதுங்கள். "உமது சித்தம்" என்று முடிக்க வேண்டாம். அந்த வார்த்தை பிறகு தானாக வந்தால் வரட்டும். கெத்செமனேயில் நம் ஆண்டவரே "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்று முதலில் கேட்டார், அதன்பிறகுதான் சித்தத்தைப் பற்றிப் பேசினார். நீங்கள் முதலாவதைச் சொல்லாமலே இரண்டாவதற்குப் போய்விட்டீர்கள்.

அடுத்து ஆதி அன்பு. "ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்று எபேசு சபைக்கு எழுதப்பட்டதை நினைத்துத்தான் அதை எழுதியிருக்கிறீர்கள். வெளிப்படுத்தின விசேஷம் 2-ம் அதிகாரத்தில் அதற்கு அடுத்த வசனத்தையும் பாருங்கள். நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்று வருகிறது. முகாமில் வந்த அந்தக் கண்ணீரைத் திரும்ப வரவழை என்று அங்கே சொல்லவில்லை. இருபது வயதின் உணர்ச்சி உங்களுக்குத் திரும்பாமல் போகலாம். திருமண நாளில் இருந்த படபடப்பு இன்று இல்லை என்பதற்காகக் கணவர்மேல் அன்பில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. நடந்தவற்றையெல்லாம் கடந்து வந்த 42 வயதுப் பெண்ணுக்கு ஆண்டவர் தரும் அன்பு வேறு முகத்தோடு வரலாம், இதைவிட அமைதியாக இருக்கலாம். பழையதையே தேடிக்கொண்டிருந்தால் வருகிறதை அடையாளம் தெரியாமல் போய்விடும்.

அன்னை தெரசாவின் கடிதங்கள், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-ல் வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஜெபத்தில் அவர் இருளையும் வெறுமையையும்தான் உணர்ந்திருக்கிறார். உங்களுக்கும் அப்படியே தொடரும் என்று சொல்ல இதை எழுதவில்லை. உள்ளே உணர்வு இல்லாததை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளந்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். "ஆண்டவரை விட்டுவிட எனக்கு மனதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் விசுவாசத்தின் பேச்சுதான். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன தகப்பனை மாற்கு சுவிசேஷத்தில் பார்க்கிறோம். அவனுடைய மகனை இயேசு சுகமாக்கினார்.

தீர்மானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மணி நேர ஜெபம், வாராந்தர உபவாசம், முழு வேதம், மூன்றும் ஒரே நாளில். இதை யாராலும் தாங்க முடியாது சகோதரி. இவ்வளவு நாள் விலகியிருந்ததற்கு அபராதம் கட்டுகிற மாதிரி இருக்கிறது உங்கள் தீர்மானம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு சின்னச் செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, வேறு சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதகம் செய்யவில்லை. நீங்கள் விழுந்ததாக நினைத்து விட்டுவிட்ட இடம், பழக்கம் வேர்பிடிக்கத் தொடங்குவதற்கும் முந்திய இடம். எனவே இப்போதைக்கு ஒரு சங்கீதம், ஐந்து நிமிடம், ஏற்கனவே தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்து. அதற்குமேல் ஆசை வந்தாலும் கொஞ்ச காலம் கூட்ட வேண்டாம். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம்.

கூட்டத்தில் கை உயர்த்துவதா வேண்டாமா என்பது பெரிய கேள்வி இல்லை. பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்தான், கடற்கரையில் மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்கப்பட்டான். திரும்பத் திரும்ப வருகிறவர்களை அவர் கணக்கெடுத்து வெட்கப்படுத்துவதில்லை.

தூக்கம் சரியில்லை என்கிறீர்கள், இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கிற உடல் உங்களுடையது. சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடியும் தூங்க விட்டான். ஆராதனை மட்டுமின்றி, பிடித்த எல்லாமே ருசியற்றுப்போய், பசியும் தூக்கமும் கெட்டு, எதற்கும் உபயோகமில்லாதவள் என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்குமேல் விடாமல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், அன்றைக்கே பாருங்கள், வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவருக்கு யோபின் சிநேகிதர்களை நினைவுபடுத்துங்கள்.

எலியா "நான் ஒருவன்மாத்திரம் மீதி" என்று சொன்னபோது கர்த்தர் ஏழாயிரம் பேரைக் காட்டினார், பக்கத்தில் எலிசாவையும் கொடுத்தார். உங்கள் கணவருக்கு இதெல்லாம் தெரியுமா? கடிதத்தில் அவர் வேலை மாறியவராக மட்டும் வருகிறார். அவரிடம் சொல்லுங்கள். அல்லது உபதேசம் பண்ணாமல் கேட்கத் தெரிந்த ஒரு சிநேகிதியிடம் சொல்லுங்கள்.

மகளுக்கு வருகிறேன். நீங்கள் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனதை அவள் பார்த்திருப்பாள். பதினான்கு வயதில் அந்தக் கேள்வியைச் சும்மா கேட்பதில்லை, அவளுக்கும் அந்தப் பிரச்சினை இருக்கிறது. அவளுக்கும் மாமா போய்விட்டார் அல்லவா? அவளோடு தனியாக இருக்கும் ஒரு நேரத்தில், "அன்னைக்கு நீ கேட்டதுக்கு அவசரமா பதில் சொல்லிட்டேன். கேட்கிற மாதிரி இருந்த நாட்கள் உண்டு. மாமா போனதிலிருந்து எனக்கு அப்படித் தோணலை. ஆனாலும் நான் ஆண்டவர்கிட்ட பேசறதை நிறுத்தலை. உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பிறகு அவள் பேசட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.

ஞாயிறு பள்ளியை இப்போது விட்டுவிட வேண்டாம். மனம் இருண்டிருக்கிற காலத்தில், வெளிச்சத்தில் எடுத்த முடிவுகளை மாற்றாதே என்று இயேசு சபைத் துறவியர் அமைப்பை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா 16-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்தார். ஆலோசனை அறையிலும் அது சரியாகவே இருக்கக் காண்கிறேன். இல்லாத பரவசத்தை இருப்பதாகக் காட்டினால்தான் மாய்மாலம். எலியாவின் கதையை உள்ளது உள்ளபடி பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் இப்போது யார்? ஆனால் தனியாகச் சுமக்க வேண்டாம். பொறுப்பில் இருப்பவரிடம், "கொஞ்ச காலத்துக்கு என்னோடு சேர்ந்து பாடம் எடுக்க இன்னொருவர் வேண்டும், வாரம் விட்டு வாரம் நான் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால், தம்பியின் துக்கம் இன்னும் தீரவில்லை என்று சொல்லுங்கள், அது போதும்.

அன்புடன்,
அக்கா