வெப்சைட் டிசைன் போட்டி: மார்க் ஷீட் எதுவரை, நடுவர் எதுவரை?

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினித் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். எங்கள் கல்லூரி விழாவில் நடக்கும் வெப்சைட் டிசைன் போட்டியை இந்த முறை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். எப்படியும் நாற்பது தளங்கள் வரும். நடுவர்கள் ஐந்து பேர். போன முறை பரிசு வாங்கிய தளம் புரொஜெக்டரில் பிரமாதமாக இருந்தது, என் மொபைலில் திறக்கவே இல்லை. இரண்டாம் இடம் வந்த மாணவர்கள் “எதை வைத்து மார்க் போட்டீர்கள்?” என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. கிரியேட்டிவிட்டிக்கு நியாயமாக மார்க் போட வழி உண்டா சார்? ஜெயித்தவர்களுக்கு ஒரு ஷீல்டைக் கையில் கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

பதில்: வழி உண்டு. ஆனால் மார்க் ஷீட்டை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். நாற்பதை எட்டாகக் குறைக்க அது போதும். அந்த எட்டில் ஒன்றை எடுக்க அது லாயக்கில்லை. அங்கே ஐந்து பேரும் உட்கார்ந்து வாதாடித்தான் ஆக வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பெயினின் வாலென்சியாவிலிருந்து 2009 முதல் இயங்கும் அவ்வ்வார்ட்ஸ் என்ற வெப்சைட் டிசைன் விருதை உங்கள் மாணவர்களே அறிந்திருப்பார்கள். அதன் நடுவர்கள் பத்துக்கு மார்க் போடுகிறார்கள். அதில் டிசைனுக்கு 40 சதவீதம், பயன்படுத்தும் எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10 என்று பங்கு. நல்ல பிரிப்புதான். ஒரு துணிச்சலான தளம் வருகிறது என்று வையுங்கள்: டிசைன் 9, எளிமை 4, படைப்பாற்றல் 10, உள்ளடக்கம் 6. மொத்தம் 7.4. பக்கத்திலேயே எந்த வம்புக்கும் போகாத இன்னொரு தளம், நான்கிலும் ஏழரை. மொத்தம் 7.5. ஜெயித்தது இரண்டாவது. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது.

அதற்காக முதல் தளத்துக்குத்தான் பரிசு என்றும் சொல்லவில்லை. அந்த 4 ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டும். மெனு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது என்றால் மன்னிக்கலாம், பழகிக்கொள்ளலாம். தேடி வந்த தகவலே கிடைக்கவில்லை என்றால் மன்னிக்கக் கூடாது. சராசரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நடுவருக்குத் தெரியும். அவரை அழைத்ததே அதற்குத்தான்.

சரி, முதல் சுற்று. இங்கே ரசனைக்கு வேலையே வேண்டாம். ஒவ்வொரு தளத்தையும் முதலில் மொபைலில்தான் திறக்க வேண்டும். நடுவரின் விலையுயர்ந்த போன் வேண்டாம், இரண்டு மூன்று வருடம் பழைய சாதாரண ஆண்ட்ராய்டு போனாக ஒன்றைத் துறையில் வாங்கி வைத்துவிடுங்கள். கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதா என்று கேட்காமல் வேலை கொடுங்கள்: இந்தத் தளத்தில் கட்டணம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள், இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், ஒரு பக்கம் பின்னால் போய் வாருங்கள். போன வருடத் தகராறு இந்தப் படியிலேயே முடிந்திருக்கும்.

வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்கள் மாணவர்களிடம் சொல்லவும் வசதியானவை. பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் ஏதாவது அசைய வேண்டும். லோடு ஆகும்போது பக்கம் மேலும் கீழும் குதிப்பதற்கு ஒரு எண் உண்டு, அது 0.1-ஐத் தாண்டக் கூடாது. ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டாவது அளவு நிஜமான ஆட்கள் தளத்தைப் பயன்படுத்தும்போது எடுக்கப்படுவது. நேற்று ஏற்றிய மாணவர் தளத்துக்கு அப்படிப்பட்ட ஆட்களே கிடையாது. குரோமில் இருக்கும் லைட்ஹவுஸ் என்ற தரச் சோதனையை ஓட்டி நூற்றுக்கு 98 வந்திருக்கிறது என்று யாராவது படம் பிடித்து அனுப்பினால் அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் தட்டிப் பார்த்த நடுவரின் எரிச்சலுக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

அணுகல்தன்மையை, அதாவது உடல் குறைபாடு உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த முடிவதை, ஒரு தனிக் கட்டமாகப் போட்டு ஐந்து மார்க் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது நுழைவுத் தகுதி. மவுஸைத் தொடாமல் டேப் கீயை மட்டும் தட்டிக்கொண்டு மெனுவின் எல்லா இணைப்புக்கும் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்தென்றால் 3-க்கு 1 போதும். வெளிர் சாம்பலில் மெல்லிய எழுத்து வைப்பது மாணவர்களிடம் ஒரு தொற்றாகவே பரவியிருக்கிறது, பாதித் தளங்கள் இங்கேயே மாட்டும். அப்புறம், போனின் அணுகல்தன்மை அமைப்புக்குப் போய் அசைவுகளைக் குறைக்கச் சொல்லும் வசதியை இயக்கிவிட்டுத் தளத்தை மறுபடி திறங்கள். சிலருக்கு அசையும் திரை தலைசுற்றலையே வரவழைக்கும். அந்த நிலையிலும் அடங்கி, அழகு குறையாமல் நிற்கும் தளத்தைச் செய்தவர் நல்ல டிசைனர். நாற்பதில் அப்படி ஒன்று கிடைத்தாலே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விருதுகளின் மார்க் ஷீட்டை அப்படியே நகல் எடுத்தால் விட்டுப்போகிற ஒன்று, தமிழ் எழுத்து. உங்கள் போட்டிக்குத் தமிழ்த் தளங்களும் வரும். தலைப்பு எழுத்து எழுத்தாகப் பறந்துவந்து சேரும் அனிமேஷனை இப்போது எல்லோரும் போடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட கோடு, அதாவது நிரல், தமிழைக் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு குறிகளாக வெட்டிப்போடும். ‘கொ’ என்பது ‘க’ தனியாகவும், ஒட்ட இடமில்லாமல் புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும் ஒகரக் குறி தனியாகவும் வரும். ‘கொண்டாட்டம்’ என்று தலைப்பு வைத்திருந்தால் புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கம், மெய்கள் எல்லாம் ஒரு பக்கம் என்று திரையில் சிதறும். ஜாவாஸ்கிரிப்டிலேயே செக்மென்டர் என்று ஒரு வசதி இருக்கிறது, அது எழுத்தை முழுசாக எடுக்கும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவற்றை மட்டும் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கவனித்துச் செய்த மாணவர் அனிமேஷனைத் தேடி எடுத்து ஒட்டவில்லை, புரிந்து செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதே போல் வரி உயரம். ஆங்கிலத் தலைப்புக்கு நெருக்கமாக வைத்த அதே உயரத்தில் தமிழை வைத்தால் ‘கீ’யின் மேல் சுழியும் ‘ளூ’வின் வாலும் வெட்டுப்படும். தலைப்பு கீழிருந்து எழும்பி வருகிற விளைவில் இது பளிச்சென்று தெரியும். நடுவரில் ஒருவராவது தமிழ் ஃபான்ட்டைப் பற்றித் தெரிந்தவராக இருக்கட்டும். அச்சகத்தில் வேலை பார்த்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது, அவர்கள் கண் ஒரு மயிரிழையையும் விடாது.

இனி இரண்டாம் சுற்று. எட்டுத் தளங்கள், ஐந்து நடுவர்கள், ஒரு அறை. படைப்பாற்றலை இங்கேதான் பேச வேண்டும். முதல் கேள்வி, இந்தப் புதுமை இந்தத் தளத்துக்கு எதற்கு என்பது.

புருனோ சிமோன் என்ற பிரெஞ்சு டெவலப்பரின் தளத்தை மாணவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். அது ஒரு சின்ன முப்பரிமாண உலகம். அம்புக்குறி கீகளால் பொம்மை கார் ஒன்றை ஓட்டிக்கொண்டுபோய் அவருடைய வேலைகளைப் பார்க்க வேண்டும். கிடைக்கிற எழுத்துகளை எல்லாம் முட்டித் தள்ளலாம். பிரவுசரில் முப்பரிமாணம் செய்வதுதான் அவர் தொழில், அதனால் காரை ஓட்டும்போதே அவர் விற்கிற சரக்கைப் பார்த்துவிடுகிறோம். அதே காரை ஒரு மருத்துவமனைத் தளத்தில் விட்டால்? அவசரப் பிரிவின் போன் நம்பருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா?

எதிர்முனையில் பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, சுழலும் படம் ஒன்றுகூடக் கிடையாது. 2013-இல் லண்டன் டிசைன் மியூசியம் அதற்குத்தான் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது. களத்தில் இருந்தவற்றில் ஷார்டு கோபுரமும் லண்டன் ஒலிம்பிக் தீபக் கொப்பரையும் அடக்கம். ஏகப்பட்ட துறைகளின் தளங்களாகச் சிதறிக் கிடந்த அரசை ஒரே இடத்தில், சாதாரண மொழியில் கொண்டுவந்து வைத்ததைத்தான் அவர்கள் படைப்பாற்றல் என்று பார்த்தார்கள். உங்கள் எட்டில் இப்படி ஒரு அமைதியான தளம் இருந்தால் புரொஜெக்டரில் அது சோகையாகத் தெரியும். அதனால் இறுதிச் சுற்றில் புரொஜெக்டரே வேண்டாம் என்பேன். ஆளுக்கொரு லேப்டாப், பக்கத்தில் அந்தப் பழைய போன்.

இரண்டாவது கேள்வி, இதை இதற்கு முன் யார் செய்தார்கள் என்பது. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ‘ஸ்னோ ஃபால்’ என்ற நீண்ட கட்டுரையை வெளியிட்டது. பனிச்சரிவில் சிக்கிய பனிச்சறுக்கு வீரர்களின் கதை. படிக்கப் படிக்கப் படங்களும் வரைபடங்களும் எழுத்தோடு சேர்ந்து நகரும். அடுத்த வருடம் அந்தக் கட்டுரைக்குப் பத்திரிகைத் துறையின் புலிட்சர் விருது கிடைத்தது. பிறகு உலகத்தில் உள்ள பத்திரிகை எல்லாம் அதே மாதிரி செய்ய ஆரம்பித்தது. முதலில் செய்தவருக்குப் புதுமை, இன்று செய்பவருக்கு அது ஒரு பாணி மட்டுமே. பாணியைப் பின்பற்றுவது குற்றமில்லை, ஆனால் படைப்பாற்றலுக்குப் பத்து போடுகிறவர் அசலைப் பார்த்திருக்க வேண்டும். போட்டிக்கு முன் நடுவர்களை ஒரு மணி நேரம் கூப்பிட்டு நல்ல தளங்கள் சிலவற்றைச் சேர்ந்து பார்த்து, போட்டியில் இல்லாத இரண்டு தளங்களுக்கு மார்க் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் 9 போடும் இடத்தில் இன்னொருவர் 5 போடுவது அப்போதே தெரிந்துவிடும்.

மற்றபடி ஒழுங்குகள் நீங்கள் அறிந்தவைதான். கல்லூரிப் பெயரை மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு நடுவருக்கும் பட்டியலை வெவ்வேறு வரிசையில் கொடுங்கள், முப்பதாவது தளத்தைப் பார்க்கும்போது எந்த மனிதருக்கும் பொறுமை இருக்காது. முதல் சுற்றில் தனியாக மார்க் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஒருவரோடொருவர் பேச வேண்டும், இல்லையென்றால் மூத்தவர் சொன்னதே தீர்ப்பாகிவிடும்.

டெம்ப்ளேட்டையும் ஏஐ எழுதித் தந்த கோடையும் தடை செய்து பயனில்லை. பயன்படுத்தியதைச் சொல்லிவிட வேண்டும் என்று விதி வையுங்கள். இறுதிக்கு வந்த எட்டு அணிகளையும் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கொடுத்து, கண்ணெதிரே ஒரு மாற்றம் செய்யச் சொல்லுங்கள்: இந்தப் பட்டியலில் இன்னும் ஆறு பெயர் சேருங்கள், இந்தத் தலைப்பை மூன்று வரிக்கு நீட்டுங்கள். சொந்தமாகச் செய்தவர் எங்கே கை வைப்பது என்று உடனே அறிவார். இரவல் வாங்கியவர் விழிப்பார்.

கொண்டாட்டத்துக்கு வருகிறேன். ஷீல்டு இருக்கட்டும், கூடவே நடுவர்கள் எழுதிய ஒரு பத்தி இருக்க வேண்டும். ஏன் இந்தத் தளம், எதில் குறை இருந்தும் தேர்ந்தெடுத்தோம் என்று நான்கைந்து வரி. இரண்டாம், மூன்றாம் இடத்துக்கும் எழுதுங்கள். மேடையில் வாசியுங்கள். “எதை வைத்து” என்று கேட்டவர்களுக்கு மார்க் பட்டியலைவிட அந்தப் பத்திதான் பதில். கோடு எழுதியவர் பெயரோடு படம் எடுத்தவர், வாசகம் எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள், கல்லூரிப் போட்டிகளில் அவர்களை மறந்தே போகிறோம்.

மேடைப் பேச்சு நீளும் என்று பயமிருந்தால் இணையதளங்களுக்கான வெபி விருதைப் பாருங்கள். தொண்ணூறுகளிலிருந்து நடக்கும் அந்த அமெரிக்க விருதில் ஏற்புரைக்கு ஐந்தே சொற்கள்தான். 2005-இல் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் ஆல் கோர் மேடையேறி, இந்த வாக்குகளைத் தயவுசெய்து மறுபடி எண்ணிவிடாதீர்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஐந்து சொல் சொல்லி இறங்கினார். அவர் தோற்ற 2000 அதிபர் தேர்தலின் புளோரிடா மறு எண்ணிக்கை எல்லோருக்கும் நினைவிருந்ததால் அரங்கத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. தமிழில் ஐந்து சொல் என்றால் இன்னும் தாராளம், நாம் ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தையே முடிப்போம். வெபியில் நடுவர் விருதும் மக்கள் விருதும் வேறு வேறு. நீங்களும் அப்படியே பிரித்து வையுங்கள். பொது வாக்கெடுப்பை நடுவர் மார்க்கோடு கலந்தால் எந்தக் கல்லூரியின் வாட்ஸ்அப் குழு பெரியதோ அது ஜெயிக்கும்.

பரிசு வாங்கிய தளங்களைப் பத்திரப்படுத்துங்கள். 2000-இல் பிரிட்டனில் ரோப் ஃபோர்டு தொடங்கிய எஃப்டபிள்யூஏ என்ற இணையதள விருது ஆரம்ப வருடங்களில் கொண்டாடிய தளங்களில் பெரும்பாலானவை அனிமேஷனுக்கு அப்போது பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கு அடோபி ஆதரவை நிறுத்திவிட்டது, இன்றைய பிரவுசரில் அவை ஓடாது. மாணவர் தளங்களுக்கு அவ்வளவு காலம்கூட ஆகாது, இலவச ஹோஸ்டிங் காலாவதியானால் போச்சு. மாணவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கோடின் ஒரு பிரதியையும், மொபைலில் தளத்தைப் பயன்படுத்துவதை இரண்டு நிமிட வீடியோவாகவும் துறையில் எடுத்து வையுங்கள்.

அடுத்த வருடத்துக்கு ஒரு யோசனை. 2003-இல் டேவ் ஷே என்ற கனடா டிசைனர் சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்று ஒன்றை ஆரம்பித்தார். பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் எச்டிஎம்எல் எல்லோருக்கும் ஒன்றே, அதில் கை வைக்கக் கூடாது. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி ஆளாளுக்கு ஒரு உருவம் கொடுத்தார்கள். ஒரே பக்கம் கடலடியாகவும் பழைய சுவரொட்டியாகவும் மாறியது. உங்கள் போட்டியிலும் எல்லோருக்கும் ஒரே உள்ளடக்கத்தைக் கொடுத்துவிட்டால் நடுவருக்குப் பாதிக் குழப்பம் போய்விடும். ஊர் பேருந்து நேரப் பட்டியல், அரசு நூலகத்தின் சேவைகள், இப்படி நிஜமாகவே யாருக்காவது தேவைப்படுகிற ஒன்றாக இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழை திருத்தி, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா அணிகளுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள்.