மிடி கேபிளில் சத்தம் ஓடுவதில்லை: கேள்வி பதில்

மொரீஷியஸில் வீட்டில் கீபோர்டும் லேப்டாப்பும் வைத்துப் பாட்டுக் கட்டுகிறவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

ரோஸ் ஹில்: அக்கா, கீபோர்டை யூஎஸ்பியில் இணைத்தேன். வாசித்தால் திரையில் விளக்கு மினுக்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. கேபிள் பழுதா?

விளக்கு மினுக்கினால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மிடி என்பது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி. அதில் போவது ஒலி இல்லை, கட்டளை. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக, எப்போது விட்டீர்கள், அவ்வளவுதான். நடு ‘சி’ என்றால் 60 என்ற எண் போகும். கூடவே அழுத்திய வேகத்துக்கு 1 முதல் 127க்குள் ஓர் எண். அதுதான் வெலாசிட்டி. இதை வாங்கி ஒலியாக்க அந்தப் பக்கம் ஒரு கருவி வேண்டும். பெரும்பாலும் சாஃப்ட்வேரில் உங்கள் டிராக் (பதிவாகும் வரிசை) கருவி ஏதும் இல்லாமல் காலியாக இருக்கும். அதில் ஒரு பியானோ ஒலியை ஏற்றிப் பாருங்கள்.

காத்ர் போர்ன்: நம்ம ஊர் ஆட்டப் பாட்டான சேகாவின் தாளம் வாசித்துப் பதிவு செய்கிறேன். குவாண்டைஸ் கொடுத்ததும் ஆட்டமே செத்துப்போகிறது.

சாகத்தான் செய்யும். குவாண்டைஸ் என்றால் நீங்கள் வாசித்த ஒவ்வொரு அடியையும் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்து ஒட்டுவது. சாஃப்ட்வேர் திறக்கும்போதே 4/4 என்று நிற்கும். ஒவ்வொரு பீட்டும் நான்கு கட்டம். சேகாவோ 6/8, மூன்று மூன்றாக நடப்பது. பீட்டில் மூன்றில் ஒரு பங்கில் விழுந்த அடி கால் பங்குக்கு ஓடும். மூன்றில் இரண்டில் விழுந்தது முக்காலுக்கு ஓடும். திஸ்ரத்தைப் பிடித்துச் சதுஸ்ரத்தில் அடைத்துவிட்டீர்கள்.

அளவை 6/8 ஆக மாற்றுங்கள், இல்லையென்றால் கோட்டை டிரிப்லெட்டுக்கு, அதாவது பீட்டுக்கு மூன்றாக, வையுங்கள். கட்டம் கட்டமாக அடியை நிரப்பும் ஸ்டெப் சீக்வென்சரில் 16 படிகளை 12 ஆக்கி, மூன்று படி ஒரு பீட் என்று எண்ணுங்கள்.

அப்போதும் முழுசாகச் சரியாகாது. ரவான் என்ற சேகா பறையை வாசிக்கும் நல்ல கலைஞர் சரிசமமாக மூன்றாக அடிப்பதில்லை, இழுப்பார், விடுவார். அதனால் குவாண்டைஸின் அளவை 100இல் வைக்காமல் பாதிக்கு இறக்குங்கள். என்னைக் கேட்டால், ட்ரையாங்கிளை மட்டும் கோட்டில் நிறுத்திவிட்டு ரவானைத் தொடாமல் விடுவேன். எல்லா அடிக்கும் வெலாசிட்டி 100 என்று இருந்தால் அதையும் கலைத்துவிடுங்கள்.

போர்ட் லூயிஸ்: காவடிப் பாட்டுக்கு நாதஸ்வர டோனில் வீலைத் திருப்பிக் கமகம் கொடுக்கிறேன். பின்னால் ஒலிக்கும் சுருதியும் சேர்ந்து வளைகிறதே?

இரண்டும் ஒரே சேனலில், அதாவது கட்டளை போகும் ஒரே பாதையில், இருக்கின்றன. வீல் அனுப்பும் பிட்ச் பெண்ட் கட்டளை ஒரு ஸ்வரத்துக்கென்று போவதில்லை, சேனல் முழுமைக்கும் போகிறது. மொத்தம் 16 சேனல் இருக்கிறதே, நாதஸ்வரத்தை 1இலும் சுருதியை 2இலும் வையுங்கள். சுருதியை முதலில் தனி டிராக்கில் பதிந்துவிடுவது இன்னும் சுலபம். வீல் வழக்கமாக மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு அரை ஸ்வரம் வளைக்கும். பெரிய கமகத்துக்கு ஐந்து வரை கூட்டலாம். ஒலி எழுப்பும் கருவியில்தான் அதைக் கூட்ட வேண்டும்.

வாக்குவா: ரீயூனியனில் இருக்கும் மச்சானுக்கு மிடி ஃபைல் அனுப்பினேன். அங்கே ரவான் வேறு என்னவோ டிரம்ஸாகக் கேட்கிறதாம்.

ஃபைலில் ஒலி இல்லையே! அவர் கம்ப்யூட்டர் தன்னிடம் இருப்பதை வைத்து வாசிக்கிறது. 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது ஒப்பந்தத்தில் 128 டோன்களுக்கு எண் உண்டு, 10ஆவது சேனல் தாளக் கருவிகளுக்கு. அந்தப் பட்டியலில் சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது, ட்ரையாங்கிள்கூட இருக்கிறது. ரவானும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. கேட்க மட்டும் என்றால் ஆடியோவாக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள்.

குட்லாண்ட்ஸ்: ஒரு ஸ்வரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறது.

‘அழுத்து’ வந்தது, ‘விடு’ வரவில்லை. எல்லா ஸ்வரத்தையும் நிறுத்தும் பேனிக் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தால், டிராக்கை வெட்டும்போது பெடலை விட்ட கட்டளையையும் வெட்டியிருப்பீர்கள். பெடல் கட்டளைகள் பதிவாகும் 64ஆம் கண்ட்ரோலரைத் திறந்து பாருங்கள்.

கூர்பிப்: மிடி 2.0 வந்துவிட்டதாமே, பழைய கீபோர்டைக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். 2020இல் வந்த அது பழையதோடும் பேசும். 1983இல் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை முதன்முதலில் பொதுவில் இணைத்துக் காட்டிய அதே மிடி இன்றும் ஓடுகிறது. ஐந்து முள் சாக்கெட் இருந்தால் யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் ஒன்று வாங்குங்கள். அதில் ‘இன்’ என்று எழுதிய முனை பெரும்பாலும் கீபோர்டின் ‘அவுட்’டில்தான் போகும். வேலை செய்யவில்லையென்றால் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகும் முன் இரண்டையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.